ஊதா நோட்டு

நூறு, இருநூறு, ஐந்நூறு யூரோ
இங்கே வாங்கப்பட மாட்டாது.
கல்லாவுக்கு மேலே அந்த அட்டையை
ஒட்டியவள் நான்தான்.
முதலாளி லூடர்ஸ் எழுதித் தந்தார், ஒட்டினேன்.
ஒரு மூலை மட்டும் பிரிந்துகொண்டே இருக்கும்.
பிரேமர்ஹாஃபன் காற்று அப்படி.
பெட்ரோல் பங்கின் கதவு திறக்கும்போதெல்லாம்
கடல் ஒருமுறை உள்ளே வந்து
விலை கேட்டுவிட்டுப் போகும்.

சனிக்கிழமை, இரவு ஒன்பதரை.
அவள் ரொட்டி எடுத்தாள், பால் எடுத்தாள்,
பையன் ஓன்னோவின் இருமலுக்குத் தேன் மிட்டாய்.
எல்லாவற்றையும் மேசையில் பரப்பி
கடைசியில் நோட்டை வைத்தாள்.
ஊதா.
ஆறு வருட வேலையில்
நான் மூன்றாவது முறையாகப் பார்ப்பது.
நோட்டில் ஒரு மடிப்பு இல்லை.
மடிப்பெல்லாம் அவள் விரல்களில்,
மீன் வெட்டும் கூடத்து ஈரத்தில் ஊறி.

அட்டையைக் காட்டினேன்.
அவள் அட்டையைப் பார்க்கவில்லை,
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள்.
"இல்டா, இது கள்ளநோட்டு இல்லை.
படகு எஞ்சினை விற்றேன்.
அக்கரையிலிருந்து ஒருத்தன் வந்து தூக்கிப் போனான்.
ஒரே தாளாய்க் கொடுத்தான்.
நானும் ஒரு முட்டாள், வாங்கிக்கொண்டேன்."

ரொட்டிக்கடைப் பெண் சிரித்தாளாம்.
மருந்துக்கடையில்
நீல விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
நல்லதுதான், ஆனால் வேண்டாம் என்றார்களாம்.
எனக்குத் தெரிந்த வாக்கியம் அது.
வேலை கேட்டுப் போன இடங்களில்
என் போர்த்துகீசியப் பெயரைப் பார்த்துவிட்டு
அதையேதான் சொன்னார்கள்.

"திங்கட்கிழமை வங்கியில் போடுங்களேன்."
"போட்ட மறுநிமிடம் கடன்காரன் விழுங்கிவிடுவான்.
வெளியே இருக்கும்வரைதான்
இது என் பணம்."

பணம் பாதாளம்வரை பாயுமாம்.
மேசையின் இந்தப் பக்கத்துக்கு
அதால் வர முடியவில்லை.
நோட்டின் முதுகில் ஒரு பாலம் இருந்தது.
எந்த ஊரிலும் இல்லாத பாலம்,
எந்த நாட்டுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று
கற்பனையில் கட்டியது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம் இரண்டு பேரும்.

கல்லாவில் எண்பத்தேழு யூரோதான் இருக்கிறது,
கணக்கு உதைத்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்
என்று சொல்லியிருக்கலாம்.
"விதி" என்றேன்.
எந்த விதி என்று அவள் கேட்கவில்லை.

மொத்தம் ஏழு யூரோ நாற்பது.
என் கோட்டுப் பையில் ஒரு பத்து இருந்தது.

எதிர்ச்சாரியில் சூதாட்டக்கூடம்.
கண்ணாடி முழுக்க ஈச்சமரமும் வெயிலும் ஒட்டி
உள்ளே யாரென்று தெரியாதபடி.
அந்தக் கதவில் எந்த அட்டையும் இல்லை.
எவ்வளவு பெரிய தாளென்றாலும்
உடைத்துத் தருவார்கள்,
வாங்க வாங்க என்பார்கள்.
அவள் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன்.
ஈச்சமரம் இரண்டாகப் பிளந்து
அவளை உள்ளே விட்டு மூடிக்கொண்டது.

பாலை மட்டும் குளிர்பெட்டியில் வைத்தேன்.
ரொட்டியை அந்த இடத்திலேயே விட்டேன்.
இரண்டு லாரிக்கு டீசல் போட்டேன்,
கழிவறைச் சாவி கேட்டவனிடம் எரிந்து விழுந்தேன்.
பத்து மணி. பத்தே கால்.
சில்லறை மாற்ற
இவ்வளவு நேரம் ஆகாது.

பத்தே முக்காலுக்கு வந்தாள்.
கையில் காகிதக் கோப்பை.
இரண்டு யூரோ நாணயங்களாக
நாலு எண்ணி வைத்தாள்.
சூடாக இருந்தன.
கோப்பையில் இன்னும் எவ்வளவு,
அதுதான் மிச்சமா,
இல்லை கோட்டுக்குள் கட்டுக் கட்டாக இருக்கிறதா?
முகத்தைப் பார்த்தேன்.
வேஸர் ஆற்றின் முகம் அது,
ஏற்றமா வற்றமா என்று
இருட்டில் சொல்ல முடியாது.

அறுபது சென்ட் மீதி கொடுத்தேன்.
கடலில் தவிப்பவர்களை மீட்பதற்கென்று
மேசையில் ஒரு சின்னக் கப்பல் உண்டியல் உண்டு.
அதில் போட்டாள்.
ஒவ்வொன்றாக.

"நல்ல இரவு, இல்டா."

கதவு திறந்தது, கடல் வந்தது,
அட்டையின் மூலை பிரிந்து படபடத்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
விரலை எடுக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.