பற்று வரவு

வெண்டல் க்ரூபாவை அடக்கம் செய்த காலையில்
பென்சில்வேனியாவின் மார்ச் பனி
பாதி மழையாகிக்கொண்டிருந்தது.
சீருடைப் பையன்கள் இருவர் கொடியை
முக்கோணமாக மடித்தார்கள்.
ஒரு மடிப்பு பிசகி, அவிழ்த்து, மறுபடி மடித்தார்கள்.
எக்காளம் பிடித்திருந்தவன் ஊதவில்லை,
உள்ளே செருகிய சின்னக் கருவி பாடியது.
அவன் கன்னம் உப்பாமல் நின்றான்.
வெண்டல் இருந்திருந்தால்
"பேட்டரிக்கு யார் பணம் கொடுத்தது?" என்று
என்னைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்.

நான் சங்கத்தின் பொருளாளர்.
நாற்பத்தொரு உறுப்பினர்கள், ஏழு மைல் தண்டவாளம்,
ஓடுகிற டீசல் ஒன்று,
ஓடாத நீராவி எஞ்சின் ஒன்று, எண் முப்பத்தெட்டு.
பத்தொன்பது வருடம் அவரிடம்
'முடியாது' சொல்லியே பழகியவள்.

பில் என்று அவர் நீட்டுவது எதுவும் பில் மாதிரி இருக்காது.
தக்காளி விதைப் பொட்டலத்தின் முதுகில்,
மாதா கோயில் அறிக்கையின் ஓரத்தில்,
ஒருமுறை பிர்ச் மரப்பட்டையில் ஆணியால் கீறி:
தண்டவாள ஆணி இருநூறு.
கிரீஸ் ஒரு டப்பா.
கையுறை ஒரு ஜோடி
(இடது மட்டும்தான் கிழிந்தது, பாதி விலை போதும்).

ஓடைப் பாலத்தில் ஆறு உத்தரங்கள் உளுத்துவிட்டன
என்று அறிக்கை வந்த வருடம்
கூட்டத்தில் சொன்னேன்:
பாலம் வரை போய் வண்டி திரும்பட்டும்,
பயணிகளுக்கு அதுவே போதும்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
வெண்டல் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கொரியாவில் பதினோரு பாலம் தகர்த்தேன்.
அப்போது பத்தொன்பது வயது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தீக்குச்சிதான் என் செலவு.
ஒன்பதாவதைத் தகர்க்கும்போது
அக்கரையில் ஒரு ரயில் நின்றிருந்தது.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது."

உட்கார்ந்துவிட்டார்.
காபி இயந்திரம் மட்டும் களகளத்தது.
குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
பாலத்துக்கு நாலாயிரத்து அறுநூறு டாலர். ஏகமனதாக.
அந்த ரயிலை எழுதவில்லை.
எந்தப் பத்தியில் எழுதுவது?

அதற்கு முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன்.
எல்லாரும் கிளம்பிய பிறகு
பாலத்தின் அடியில் குனிந்து
ஒவ்வொரு மரத்தையும் சுத்தியலால் தட்டி
காது வைத்துக் கேட்பார்.
பிறகு அக்கரைக்கு நடந்து போய்
அரிக்கேன் விளக்கோடு நின்று
இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்,
வெகு நேரம்.
மண்ணெண்ணெய் வீணாகிறதே
என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அடக்கம் முடிந்ததும் முப்பத்தெட்டின் விசில் ஒலிக்க வேண்டும்
என்று முடிவாகியிருந்தது.
கொதிகலன் சான்றிதழ் காலாவதியாகி நாலு வருடம்,
நெருப்பு மூட்டக் கூடாது.
டயர் கடை ரெஜி கம்ப்ரஸர் கொண்டுவந்து
குழாயை மாட்டினான்.
சளி பிடித்த ஆட்டுக்குட்டி போல
ஒரு சத்தம் வந்தது.
முதலில் ரெஜி சிரித்தான், அப்புறம் எல்லாரும்.
சிரித்து முடிக்கையில் சிலர் முகம் துடைத்துக்கொண்டார்கள்.
டீசல் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு
பாலத்தைக் கடந்தது.
ஓட்டுநருக்கு யாரும் சொல்லவில்லை,
அவராகவே முகப்பு விளக்கைப் போட்டார்.

இரும்பு அலமாரியை நான்தான் திறந்தேன்.
சுத்தியல் இரண்டு.
காகிதம் பிரிக்காத புதுக் கையுறை, இடது.
சங்கத்துக் காபிக்கு அவர் தர வேண்டிய
இரண்டு டாலர் நாற்பது
அவர் பெயருக்கு நேரே பற்றில் நிற்கிறது.
அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லாதீர்கள்.

கதவின் உட்புறம், பிப்ரவரி நாட்காட்டியில்,
அவர் கையெழுத்து:
கொதிகலன் குழாய் 162. விலை விசாரி.

விசாரித்தேன்.
முப்பத்தோராயிரம் சொல்கிறார்கள்.
முடியாது என்று எழுதி வைத்திருக்கிறேன்,
பென்சிலால்தான்.