மூவரும் ஒருவரே

மழை வரும்போல் இருந்தால்
முதலில் பிரிண்டரை மூடுவேன்,
அப்புறம்தான் என் தலையை.

மனிலாவில், உரிமம் தரும் அலுவலகத்தின்
பின்சுவர் ஓரம் என் மேசை.
ஜெராக்ஸ் கடையிலிருந்து கடன் மின்சாரம்.
மாடியில் வக்கீல் பனுங்காவ்.
முகம் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்,
முத்திரை மட்டும் மேசை அதிர விழும்.

வருகிறவர்களில் பாதிப்பேர் நர்சுகள்.
கைக்குழந்தைபோல் அணைத்த பிளாஸ்டிக் உறை.
என்ன பிரச்சினை என்று நான் கேட்பதில்லை,
எந்த எழுத்து என்று கேட்பேன்.
பிறப்புச் சான்றிதழில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும்,
பட்டத்தில் அது பறந்துபோயிருக்கும்.
ஒருத்திக்குப் பிறந்த தேதியே இரண்டு.
கடல் தாண்டி ஏதோ ஓர் அறையில் யாரோ
விரலை வைத்து,
இவர் யார், அப்படியானால் அவர் யார் என்பார்.
அதற்குத்தான் நான். இருநூறு பெசோ.
'மேற்கண்ட இருவரும் ஒருவரே எனச்
சத்தியமாகக் கூறுகிறேன்.'

லூஸ்விமிண்டா முதலில் வந்தது ஒரு மார்ச் மாதம்.
லூசோன், விசாயாஸ், மிண்டனாவோ:
மூன்று தீவுக்கூட்டத்தையும் ஒட்டுப்போட்டுத் தைத்த பெயர்.
நாடு மொத்தத்தையும் மகள் தலையில்
ஏற்றிவைத்திருக்கிறார் அப்பா.
பதிவாளருக்கு என்ன அவசரமோ,
நடுவில் ஓர் அசையை விழுங்கிவிட்டார்.
லூஸ்விண்டா.
தென்தீவில் பாதி கடலோடு போயிற்று.

ஆங்கிலப் பரீட்சை என்ன ஆச்சு என்றேன், பேச்சுக்கு.
எழுத்தில் அரைப்புள்ளி குறைவு, இரண்டு தடவையும்.
இல்லாத ஒரு நோயாளியை
இல்லாத ஒரு டாக்டரிடம் அனுப்பி
கடிதம் எழுதச் சொல்வார்களாம்.
'எழுபத்தெட்டு வயது, இடுப்பெலும்பு முறிவு, தனியாக இருக்கிறார்.
ராத்திரி யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று
ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேன்.
அதில் போச்சு.'
சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
அச்சான காகிதம் சுடச்சுட வந்தது.

அயர்லாந்து கைக்கு எட்டவில்லை, ரியாத் எட்டியது.
அவள் போனாள்.
நான் இங்கே ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம் கழித்து மேசைமுன் நிற்கிறாள்.
மறுபடி அயர்லாந்து.
பழைய சத்தியம் செல்லாதாம், புதுத் தேதியில் வேண்டுமாம்.
போதாததற்கு ரியாத் ஆஸ்பத்திரி கொடுத்த
அனுபவச் சான்றிதழில் இன்னொருத்தி:
அரபிக்குள் போய் வெளியே வந்ததில்
லோஸ்ஃபிமிந்தா.
'மூவரும்' என்று திருத்தி அடித்தேன்.

கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.
மை விழுந்தது, ரேகை விழவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி. அதே வழவழப்பு.
ஆறு வருட சோப்பு, ஸ்பிரிட், கையுறை.
விமான நிலையத்திலும் இதே கதைதான் என்றாள்,
கண்ணாடிமேல் விரலை வைத்தால்
யாருமே வைக்காததுபோல் இருக்குமாம் மெஷின்.

அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள்:
'எந்த ஊரிலும் நாடியை மட்டும்
எங்கள் இலோய்லோ பேச்சில்தான் எண்ணுவேன்.
இசா, துஹா, தத்லோ.
அராபியக் கிழவர்கள் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.'
எழுதலாமா என்று பார்த்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பரீட்சை?
'தேறிவிட்டேன். அதே மாதிரி நோயாளிதான்,
இந்தத் தடவை இடுப்புக்குப் பதில் முழங்கால்.
தண்ணீரைப் பற்றி எழுதவில்லை.'

சத்தியத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது வழக்கம்.
மேற்கண்ட மூவரும் ஒருவரே.
சரியா என்றேன்.
தூறல் விழத் தொடங்கியிருந்தது.
பிளாஸ்டிக் உறையைத் திறந்து
மூன்று பெயர்களையும் மெதுவாகப் பார்த்தாள்.
நான் பிரிண்டரை மூடி முடிக்கும்வரை
பதில் வரவில்லை.