தேய்க்காதீர்கள்

லுப்ளின், 1982 பிப்ரவரி.
கதவைத் திறந்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை,
கோட்டுக் கையைத்தான் பார்த்தேன்.
பதினோரு வருடம் சலவைக் கடையில் நின்றவளுக்கு
மனிதர்கள் எல்லோரும்
கறைக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள்.

வலது கை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளை.
எண்ணெய்ப் பெயின்ட், ரயில் பெட்டிக்கு எண் போடுவது.
இன்னும் காயவில்லை.

எந்தச் சுவர் என்று கேட்கவில்லை.
எந்த வார்த்தை என்றும்.
"கழற்று" என்றேன்.
பனியைத் தட்டுவதுபோல் நீ அதைத் தட்டப் போனாய்.
தேய்க்காதே, ஸெனோன், தேய்க்காதே,
தேய்த்தால் மேலே இருப்பது உள்ளே போகும்,
உள்ளே போனது ஊடிலும் பாவிலும் குடியேறும்,
பிறகு கோட்டையே எரிக்க வேண்டும்,
நமக்கு இருப்பதோ ஒரே கோட்டு.

கரண்டியின் முதுகால் வழித்தேன்,
பிள்ளையின் வாயோரத்துக் கஞ்சியை வழிப்பதுபோல.
அடியில் உன் பழைய பனியனை மடித்து வைத்தேன்.
பஞ்சில் டர்பன்டைன்.
ஓரத்திலிருந்து நடுவுக்கு,
ஒருபோதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அல்ல.
கறைக்கு நாடு பிடிக்கும் ஆசை உண்டு.
ஒற்றி, பஞ்சை மாற்றி, ஒற்றி.
அந்த மாத ரேஷன் சோப்பில் பாதி
அந்த ஒரு கைக்கே போனது.

"கடைசி எழுத்து பாக்கி" என்றாய்,
நாற்காலியில் நடுங்கிக்கொண்டு.
"வாயை மூடு" என்றேன்.

மூன்று மணிக்குக் கோட்டு மறுபடி கோட்டானது.
வீடுதான் காட்டிக்கொடுத்தது.
திரைச்சீலையில், ரொட்டியில், என் தலைமுடியில்
டர்பன்டைன் நெடி.

கீழே ஜீப் நின்றது.
முதல் மாடியில் ஒரு கதவு தட்டப்பட்டது.
இரண்டாவதில் ஒரு கதவு.

உன் பையில் டப்பா இருந்தது,
அடியில் இரண்டு விரல் உயரம் பெயின்ட்.
நீ தலையில் கைவைத்த நேரத்தில்
நான் சமையலறை ஜன்னலுக்கு வெள்ளை அடித்தேன்.
தூசியைக்கூடத் துடைக்கவில்லை.
அடிக்கிறேன் அடிக்கிறேன் என்று
ஆறு வருடமாக நீ சொல்லிவந்த ஜன்னல்.

வந்தவனை ஒலேய்னிக் என்று கூப்பிட்டான் கூட வந்தவன்.
இருபதுகூட இருக்காது. காது மடல்கள் குளிரில் சிவந்து.
"இந்த நேரத்திலா பெயின்ட்?"
"ஊரடங்கு. வேறெங்கே போக?"
உன் கோட்டுக் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஏன் ஈரம்?"
"பனி."
யோசித்தான்.
தெருவில் ஜீப் நிற்கிறதா என்று பார்க்க
ஜன்னலில் சாய்ந்தான்.

அவன் முழங்கையில் வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை.
கட்டைவிரலில் எச்சில் தொட்டு அவன் அழுத்தப் போகையில்
என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது:
தேய்க்காதீர்கள்.

ஊசிக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டினான்.
கரண்டி. பஞ்சு. ஓரத்திலிருந்து நடுவுக்கு.
உனக்குச் செய்ததில் ஒன்றைக்கூட
அவனுக்குக் குறைக்கவில்லை,
அதை நீ இன்றுவரை மன்னிக்கவில்லை.

"வாடை போகுமா? காலையில் அணிவகுப்பு."
"வெளியே தொங்கவிடுங்கள். இரண்டு நாள்."
தலையாட்டினான். மூன்றாவது மாடிக்கு ஏறினான்,
உன் கோட்டின் வாடையைப்
படியெல்லாம் விட்டுக்கொண்டு.

மறுநாள் டிராமிலிருந்து பார்த்தேன்,
கிடங்குச் சுவரில் புதுச் சாம்பல் நிறப் பட்டை.
அகலத்தை வைத்து எத்தனை எழுத்தென்று கணக்குப் போட்டேன்.
சரியாக வரவில்லை.

ஜன்னல் மூடியபடியே காய்ந்துவிட்டது.
மே மாதம் கத்தியால் கீறித்தான் திறந்தாய்.
பாதிச் சட்டம் வெள்ளை, பாதி பழைய பச்சை.
மீதியை அடிக்கிறேன் என்கிறாய்,
அடிக்கிறேன், அடிக்கிறேன் என்று.