ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட்

எண்பத்து மூன்றில் சுங்கை நிபோங்கில்
மாதம் எண்பது வெள்ளிக்கு ஓர் அறை.
கட்டில் ஒன்று. படுப்பவர் இருவர்.
பகல் ஷிப்ட் நான், இரவு ஷிப்ட் திலகமணி.
நான் எழுந்த சூட்டில் அவள் வந்து விழுவாள்.
ஒன்றரை வருஷத்தில்
அவள் முகத்தைவிட
அவள் தலை வைத்த குழியை எனக்கு நன்றாகத் தெரியும்.

பாயான் லெப்பாஸில் வேலை:
உருப்பெருக்கிக்கு அடியில்
மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியால்
சில்லுக்குக் கால் தைப்பது. நாற்பது கால்.
'மூளை' என்பார் சூப்பர்வைசர்.
யாருடைய மண்டைக்குள் போகும் என்று
சொன்னதில்லை.

அதைப் பார்த்துவிடத்தான்
கூட்டு எடுத்த காசில் வாங்கினேன்
அந்தக் கறுப்புப் பெட்டியை.
இரண்டு ரொட்டித் துண்டைச் சேர்த்து வைத்த அளவு.
வீட்டுக்காரி கிம் லூய்யின் டிவியில் மாட்டி
முந்நூறுக்குள் பகா எண்களைத் தேடு,
வேகமாகத் தேடு என்றேன்.

திரை சாம்பலானது.
ஓர் எழுத்தில்லை, புள்ளியில்லை.
"ரோசாக்! சுடா ரோசாக்!"
கிம் லூய் வாணலிக் கரண்டியோடு ஓடி வந்தார்.
டிவிக்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி.
நான் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தபோது
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று
எண்கள் வந்து நின்றன,
வெளியே போய்ச் சாமான் வாங்கி வந்தவர்கள்போல.

ஜெலுத்தோங் டிவிக் கடையில்
சௌரிராஜ் சட்டத்தைத் திறந்து காட்டினான்.
உள்ளே இஸட்80.
படம் வரைய அதற்கு வேறு ஆளில்லை.
நொடிக்கு ஐம்பது தடவை
கோடு கோடாய் அதுவே வரைய வேண்டும்.
கணக்குப் பார்க்கப் போனால் கோட்டை விட்டுவிட்டுப் போகும்.
'மெதுவாக' என்று கட்டளையிட்டால் படம் நிற்கும்,
ஆனால் திரையின் மேலும் கீழும் கிடக்கும்
வெற்று ஓரங்களின் நேரத்தில்தான் கணக்கு.
நாலு மடங்கு நேரம்.
பணியாளைக் குறைத்தால் விலை குறையும்,
அவ்வளவுதான் என்றான்.
எங்கள் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்கிறானோ என்று
ஒரு கணம் பார்த்தேன்.

பக்கத்து மேசையில் இன்னொன்று,
கோலாலம்பூரிலிருந்து வந்த நகல் இயந்திரம்.
உள்ளே 6502.
கணக்கு ஓடுகிறது, படமும் அசையாமல் இருக்கிறது.
எப்படி?
ஒரு துடிப்பின் பாதியில்தான் அந்தச் சில்லு
நினைவகத்தைத் தொடும்.
மறுபாதியில் படச்சுற்று வந்து
படித்துவிட்டுப் போகும்.
ஒரே இடம். முட்டிக்கொள்வதே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை.
எங்கள் கட்டிலைப் பற்றி
ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

இருவரும் ஒரே நொடியில் நினைவகத்தைக் கேட்டால்?
"திரையில் பொரி சிதறும்" என்றான்.
பிறகு, ஸ்க்ரூவைத் தேடுவதுபோல்
மேசைக்கடியில் பார்த்துக்கொண்டே,
என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்டான்.

தீபாவளிக்குத் தொழிற்சாலை இரண்டு நாள் மூடல்.
முதல்முறையாக இரவில்
கட்டிலில் இருவர்.
முழங்கை இடித்தது. போர்வை போதவில்லை.
அவள் இடதுபக்கம் படுப்பவள்;
நானும்தான்.
தூக்கம் பொரிப்பொரியாய்ச் சிதற
விடியும்வரை பேசினோம்:
போனஸ், பல்வலி, ஈப்போவில் அவள் தம்பி.
அவள் குரல் இவ்வளவு கனமென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் சௌரியைச் சொன்னேன்.
நான் போய்விட்டால்
எண்பது வெள்ளியும் உன் தலையில்தானே, என்ன சொல்கிறாய்?

திலகமணி பதில் சொல்லவில்லை.
முகத்தில் ஓர் எழுத்தில்லை, புள்ளியில்லை.
ஜன்னலுக்கு வெளியே
காலை ஷிப்ட் இல்லாத ஃபேக்டரி பஸ்
சும்மா நின்றது.

நான் பிளக்கைப் பிடுங்கவில்லை.
காத்திருந்தேன்.