மூன்றாம் இலக்கச் சிரிப்பு

கொக்குவில் சந்தி மதிலில் ஒட்டிய அறிவித்தலில்
உங்களுக்கு மீசை இல்லை.
சிவகடாட்சம், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனத் திணைக்கள எழுதுவினைஞர்,
இன்னாரின் கணவர், இன்னார்களின் மாமனார்.
ஓட்டோக்காரப் பொடியன் எட்டி வாசித்தான்.
'ஆரெண்டு தெரியேல்லை அண்ணை.'
படத்தின் மேலுதட்டில்
ஆள்காட்டி விரலைக் கிடையாக வைத்தேன்.
'ஐயோ, சின்னட்டியர்!'
பாட்டை நிற்பாட்டினான்.
மிச்சக் காசு தர மறந்துபோனான். நானும் கேட்கவில்லை.

ஸ்ரான்லி வீதியில், பல் டொக்டருக்கு மேல்மாடி.
கீழே துளைபோடும் சத்தம் ஓய்ந்த பிறகுதான்
மேலே எங்கள் ஒலிப்பதிவு.
முதலாம் பகுதியில் நீங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஏணி வாங்கினீர்கள்.
நூற்றுப் பதினெட்டுப் பகுதிக்கும்
அந்த மனிதர் அதைக் கேட்டு வந்தார்.
நீங்கள் ஒட்டுமீசையை ஒரு விரலால் அழுத்தியபடி
'அது எங்கையும் போகாது, சாய்ஞ்சுதான் நிக்குது' என்பீர்கள்.

அந்த இடத்தில் சனம் சிரிக்க வேண்டும்.
சனத்தை இருத்த எங்களிடம் கதிரை இல்லை.
சிரிப்புகளைப் பிடித்து இலக்கம் போட்டு வைத்தேன்.
ஒன்று, வயர் இழுக்க வந்த றொபேட்டினது. இருமலில் முடியும்.
இரண்டு என்னுடையது. ஒருவரும் நம்பமாட்டார்கள்.
மூன்று, கூட்ட வரும் மனோன்மணியக்காவினது.
அதற்கு முன் அவர் சிரித்து நான் கண்டதில்லை.
தும்புத்தடியோடு கதவு நிலையில் நின்றவர்
உங்கள் மீசை தேத்தண்ணிக்குள் விழக் கண்டு
முதலில் மூச்சை உள்ளே இழுத்தார்,
முதுகில் பச்சைத்தண்ணி ஊற்றிய மாதிரி.
பிறகு உடைந்தார்.
ஆறு செக்கன்.
இருநூறு தடவையாவது அதை வெட்டி ஒட்டியிருப்பேன்.
லாச்சப்பலில் கொப்பி எடுத்துப் பார்த்தவர்களோடும்
சேர்ந்து சிரித்தது அந்த ஒரு மனுசிதான்.

இன்று உங்கள் பெட்டியடியில்
பெண்களின் நடுவிலிருந்து
அந்த மூச்சு கேட்டது. உள்ளே இழுத்த அதே மூச்சு.
பதினொரு வருடம் அதோடு வேலை செய்த காது,
அடுத்தது என்னவென்று அதற்குத் தெரியும்.
என் கை ஒலியைக் கூட்டத் தானாக எழுந்தது.

வந்தது வேறு.
ஆறு செக்கனில் முடியவுமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பந்தலின் ஒரு மூலை இறங்கியது.
பந்தல்காரன் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
'ஏணி ஒண்டு எடுக்கலாமோ, பக்கத்து வீட்டில?' என்றான்.
சுண்ணமிடித்த உலக்கை நின்றது.
உங்கள் மூத்தவள் மூக்கைத் துடைத்தாள்.
'அது எங்கையும்...'
முடிக்கவில்லை.

வளவே சிரித்தது.
குருக்கள் சால்வையால் வாயை மூடினார்.
மனோன்மணியக்கா அழுகையை விடாமலே சிரித்தார்.
மதிலுக்கு வெளியே ஒரு குழந்தை, என்னவென்று தெரியாமல்,
எல்லோருக்கும் பிந்தி.
ஒழுங்கில்லாத சிரிப்பு. எங்கே வெட்டுவதென்று தெரியாதது.
என்னிடம் பதிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஏணியோடு வந்தார்.
ஆறுதலாகச் சாய்த்து வைத்தார்.
'பின்னேரம் திருப்பித் தரவேணும்' என்றார்,
சிரிக்காமல்.