பதினான்காவது ஜோடி

பத்துப் பொருத்தம் பார்க்கவில்லை, நான்குதான்:
மலை உயரம், ஆட்டு எண்ணிக்கை,
மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர்,
போன பனிக்காலத்தில் எத்தனை பிள்ளைகள் இருமினார்கள்.
நாரின் பக்கத்து இருபத்தெட்டு ஊர்களுக்கு
பிஷ்கெக்கில் உட்கார்ந்து வரன் பார்த்தேன்.

ஜோடியில் ஒன்றுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு.
மற்றதற்கும் அதே அடுப்பு, இரண்டு வருடம் கழித்து.
எது முந்தும் என்று நான் சொல்லக் கூடாது.

ஆட்டுக் கணுக்கால் எலும்பை வீசிப் பார்ப்போம் என்றார் சகின்பெக்,
சிறுவயதில் எல்லாச் சண்டையையும் அப்படித்தான் தீர்த்தாராம்.
எலும்புக்கு ஓரவஞ்சனை உண்டு ஐயா,
அதன் நாலு பக்கமும் அதற்கு ஒன்றல்ல என்றேன்.
சிரித்துவிட்டுத் தன் கல்பாக் தொப்பியைக் கழற்றி
மல்லாத்தி நீட்டினார்.
உள்ளே கறுப்புக் கம்பளித் துண்டு ஒன்று, வெள்ளை ஒன்று.
பள்ளி முற்றத்தில் ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு
பதினான்கு முறை எடுத்தாள்.

என் அட்டவணையில் இல்லாதவை எத்தனையோ:
எந்த ஊரில் ஜன்னல் ஓட்டையைத் துணியால் அடைக்கிறார்கள்,
எந்த ஊரில் மருமகள் மட்டும் அடுப்பைப் பார்க்கிறாள்,
எந்த ஊர் மருத்துவச்சி கோபக்காரி.
தெரிந்ததற்குத்தான் பொருத்தம்.
தெரியாததற்குத் தொப்பி.

கடைசி ஜோடி தாஷ்-ஓயும் செங்கிர்-சுவும்.
தாஷ்-ஓய்க்கு வெள்ளை விழுந்தது, அடுப்பு வந்தது,
ஜனவரியில் பனிச்சரிவும் வந்தது.
ஆள் சேதமில்லை. ஊரையே வாரிக்கொண்டுபோய்
நகரத்து விடுதியில் வைத்தார்கள்.
அங்கே மின்சார அடுப்பு.

பதிமூன்று வித்தியாசங்கள். அவற்றின் சராசரி:
ஒரு பிள்ளைக்கு மாதத்தில் இருமல் நாள்
ஒன்றேகால் குறைவு.
இடைவெளியின் ஒரு முனை மூன்று நாள் குறைவு,
மறு முனை அரை நாள் அதிகம்.
நடுவில் எங்கோ பூஜ்யம்,
அழைக்காத விருந்தாளி,
எழுந்து போகிற உத்தேசம் இல்லை.

"ஜோடியை உடைத்துவிடு," என்றான் அடுத்த மேஜை திலெக்,
"இருபத்தேழு ஊர் என்று போட்டால்
செங்கிர்-சுவாவது மிஞ்சும்.
இடைவெளியும் கொஞ்சம் சுருங்கலாம்."
முடிச்சுப் போட்டபின் குலுக்கியதை
விடை பிடிக்கவில்லை என்று அவிழ்ப்பதா?
அவனிடம் சொல்லவில்லை,
அன்றிரவு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தேன்.
சுருங்கவில்லை, அகன்றது.
அகன்றதற்காக அல்ல என்று எனக்கு நானே சொல்லியபடி
திரும்பக் கட்டினேன்.

மார்ச்சில் உல்பாலாவை அழைத்தேன்.
செங்கிர்-சுவின் முப்பத்தொரு வீடுகளிலும்
தினமும் இருமலுக்குக் கோடு போட்டவள்.
"பனியிலும் போனேன்," என்றாள்,
"ஒரு நாள் விடவில்லை. சரிவு எங்கள் ஊரில் இல்லையே,
எங்கள் நோட்டை ஏன் தூக்குகிறீர்கள்?"
ஒரு ஊரை அதே குளிர்காலத்தில்
அடுப்போடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை பார்க்க முடியாது,
அதனால்தான் உங்களுக்குத் தாஷ்-ஓய் என்றேன்.
அது போய்விட்டது,
உங்கள் எண்ணுக்குக் கழிக்க எண் இல்லை என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை.
"அடுப்பு?" என்றாள் பிறகு.
வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவள் பின்னால் ஒரு பிள்ளை இருமியது,
வறண்ட இருமல், இரண்டு தடவை.
என் பேனா பழக்கத்தில் ஒரு கோடு போட்டது,
மேஜையில் கிடந்த ரொட்டிக்கடை ரசீதின் ஓரத்தில்.