பதினாறாம் சுருள்

அந்தப் படத்துக்கு ஐம்பது வயதாம்.
மறுபடி எழுதுகிறார்கள்.
முற்பாதி காவியம் என்கிறார் ஒருவர்,
கடைசிப் பத்து நிமிடம் சுத்தப் பொய்;
பிரிந்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து
பாயசம் குடிப்பதை
எந்த ஊரில் கண்டோம் என்று கேட்கிறார்.
இன்னொருவர் சமாதானம் சொல்கிறார்:
அந்தக் காலத்து ரசிகனுக்கு
அழுது முடித்ததும் ஓர் இனிப்பு வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து ரசிகன் நான்.
பகாவ், எழுபதாம் வருடம், சம்பளச் சனி.

ஒரே பிரதி, இரண்டு தியேட்டர்.
கோலா பிலாவில் ஓடிய சுருளை
அமாவாசை மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவான்.
வரும்வரை தவுக்கே
ஊதுவத்தி விளம்பரத்தையே காட்டிக்கொண்டிருப்பார்.
பதினைந்து சுருள் வந்தது.
பதினாறாவது
ஜுவாசே பக்கம் வெள்ளத்தில் நின்றுவிட்டது.

ஆக, எங்கள் ஊரில் படம் இப்படி முடிந்தது:
அண்ணன் கதவைச் சாத்துகிறான்.
தம்பி பெட்டியோடு தெருவில்.
உள்ளே அம்மாவின் இருமல்.
வெள்ளைத் திரை.

ஒரு விசில் இல்லை.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை மண்டோர்கூட,
கச்சான் கடையில் ஐந்து காசுக்குக்
கைகலப்பு வரை போகிறவர்.

முன் வரிசையில் பாவாயி.
அவள் புருஷன் அட்டை நீலம்,
அவள் அண்ணன் அட்டை சிவப்பு.
பர்மிட் கிடைக்காத அண்ணன்
போன செவ்வாய்தான் கப்பலேறியிருந்தான்.
"சரியாத்தான் எடுத்திருக்கானுங்க" என்றாள்.
மடக்கு நாற்காலி டப்பென்று மூடிக்கொண்டது.
நான் படித்த விமர்சனங்களில்
அதுதான் சின்னது.

மறுநாள் காலை பத்து மணிக்கு
கடைசிச் சுருள் மட்டும், இலவசம்.
பன்னிரண்டு பேர் போனோம்.
பாயசத்தைப் பார்த்துவிட்டு
வெயிலில் கண் கூசி வெளியே வந்தோம்.

தண்ணிக் குழாயடியில் பாவாயி கேட்டாள்.
சேர்ந்தார்களா என்று இல்லை.
"அந்தத் தம்பி பெட்டிய
எங்கயாவது தொறந்து காட்டுனானா?"

இல்லை அக்கா.
சாப்பாட்டுக் காட்சியில்
அது சுவரோரம் பூட்டியபடியே இருந்தது.

இத்தனை வருடக் கட்டுரைகளிலும் தேடிவிட்டேன்.
ஒளி, நடிப்பு, வசனம், மிகை, எல்லாம் இருக்கிறது.
பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் அண்ணன் பெட்டியை
அவள்தான் அடுக்கினாளாம்.
இரண்டு கைலி, ஒரு மைலோ டின்,
துணி சுற்றிய பால்வெட்டுக் கத்தி.

ரப்பர் மரமே இல்லாத ஊருக்கு.